43 வயதில் புகைப்பட ஊடகவியலுக்கு வரலாமா: மூதூர்ச் சகோதரிக்கு ஒரு பதில்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 43. குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் மருத்துவிச்சியாக, 18 வருட வேலை, இரண்டு பிள்ளைகள். வேலையை விட்டுவிட்டுப் புகைப்பட ஊடகவியலாளராக வேண்டும் என்று ஆசை. எந்தக் கமரா வாங்கலாம், எங்கே படிக்கலாம், வயது போய்விட்டதா என்று மூன்று கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "வீடு வீடாகப் போய் வருகிறேன், நான் பார்ப்பது ஒன்றும் வெளியில் யாருக்கும் தெரியாமலே போகிறது." என் கணக்கில் கேள்வியே அந்தக் கடைசி வரிதான். நீங்கள் கண்டதை மற்றவர்களும் காண வேண்டும். அதையே தொழிலாகச் செய்து பிள்ளைகளையும் வளர்க்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நானும் இடைவழியில் வந்தவன்தான். திருகோணமலை டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணவீடு, சாமத்தியவீடு, அடையாள அட்டைப் படம் என்று போய்க்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது எனக்கு 38. எங்கள் கடைக்குள் தண்ணீர் வரவில்லை. ஒரு கிழமை கழித்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பழைய நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டு. வீட்டோடு அல்பமும் போய்விட்டது. போன பிள்ளையின் முகம் என் தகரப் பெட்டியில் மட்டும்தான் மிச்சம். ஒரு தகப்பன் தன் மகனுக்குப் பள்ளிக்கூட அனுமதிக்காக எடுத்த பாஸ்போட் சைஸ் படத்தைத் தேடி வந்தார். தேடி எடுத்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். ஈரம் காயாத பிரிண்டை இரண்டு ஓரத்திலும் விரலால் பிடித்துக்கொண்டு வாசலில் வெயிலில் நின்று பார்த்தார். காயும்வரை அப்படியே நின்றார். அடுத்த மாதம் ஸ்டூடியோவைப் பாதி என் தம்பி பொறுப்பில் விட்டுவிட்டு முகாம்களுக்குப் போகத் தொடங்கினேன். பாதி என்று சொன்னதைக் கவனியுங்கள். முழுக்க விடவில்லை, இன்றைக்கும் விடவில்லை.

வயதைப் பற்றிய கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம்: பிந்தவில்லை. படத்தை வாங்குகிற ஆசிரியர் பிறந்த திகதி கேட்பதில்லை. அமெரிக்காவின் டோரதியா லாங்கே சான் பிரான்சிஸ்கோவில் வசதியானவர்களுக்குப் படம் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ நடத்தியவர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையற்றவர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெருவுக்கு இறங்கியபோது அவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய் வேறு. உடம்பு வேறு கதை. தோளில் இரண்டு கமரா, முதுகில் பை, மணலில் 3 கிலோமீற்றர் என்றால் என் முழங்கால் இப்போது முறைப்பாடு வைக்கிறது. ஆனால் நீங்கள் 18 வருடம் வெயிலில் நடந்தே வேலை செய்தவர். இருபத்தைந்து வயதுப் பெடியன் ஒருவனைவிட உங்கள் கால் இந்த மண்ணுக்குப் பழகியது. நாற்பது தாண்டியவரிடம் சனம் வேறு மாதிரிக் கதைக்கும் என்பதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். பெண் என்பதால் வருகிற சிரமங்களை என்னால் முழுக்கச் சொல்ல முடியாது, நான் ஆண். கூட்டத்தில் இடித்துத் தள்ளுவதையும், இரவில் தனியே திரும்புவதையும் பற்றி இந்தத் துறையில் இருக்கிற பெண்களிடமே கேளுங்கள்.

காசுக்கு வருவோம். இதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை: இந்தத் தொழிலை மட்டும் நம்பித் திருகோணமலையில் ஒரு குடும்பத்தை நடத்துவது மிகக் கடினம். மாவட்டச் செய்தியாளர்களில் பெரும்பாலானவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, வந்த செய்திக்கும் வந்த படத்துக்குமே கொடுப்பனவு. புல்மோட்டைக்கு ஒருமுறை போய்வந்த பெற்றோல் காசைக்கூட ஒரு படம் திருப்பித் தராத நாட்கள் எனக்கு எத்தனையோ. எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவர் ரியூஷன் கொடுக்கிறார், ஒருவர் கடை வைத்திருக்கிறார், நான் கல்யாணவீடு எடுக்கிறேன். தொண்டு நிறுவனங்களின் திட்டப் படங்கள் ஓரளவு காசு தரும். ஆனால் அது நிறுவனம் காட்ட விரும்புவதைக் காட்டும் வேலை. அதையும் செய்தியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள். ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் வேண்டும், முன்கூட்டி விலகினால் என்ன கிடைக்கும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த யோசனை. அரச ஊழியர் என்பதால் இன்னொன்றும் உண்டு. அனுமதியில்லாமல் ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதையும் வெளியில் சம்பளத்துக்கு வேலை செய்வதையும் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது. முதல் படம் பேப்பரில் வருவதற்கு முன்னரே இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிறகு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

வேலையை விடாமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். இங்கேதான் உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து வருகிறது. விபத்து, ஆர்ப்பாட்டம், வெள்ளம் என்றால் இன்று சம்பவ இடத்தில் நிற்கிற எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. நாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவதற்குள் படம் ஊரெல்லாம் சுற்றிவிடும். அந்த ஓட்டத்தில் நீங்கள் சேர வேண்டியதில்லை. சம்பவத்துக்கு முன்னால் எடுக்கப்பட வேண்டிய படங்கள்தான் இல்லாமல் கிடக்கின்றன. 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை (ஆட்களை ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். பாலம் கட்டும் வேலை நடந்ததால் சனம் அந்தப் பாதையில்தான் போய் வந்தது. அன்று நாங்கள் எல்லோரும் ஓடிப்போய் எடுத்தோம். அதற்கு முந்திய வாரங்களில், சீருடையோடு பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறுவதை, பிடிக்கக் கம்பி போதாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நிற்பதை, யார் போய் எடுத்து ஒரு ஆசிரியரின் மேசையில் வைத்தோம்? நான் வைக்கவில்லை. இந்த நாட்டில் இந்தத் தொழிலைச் செய்வதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் அதுதான். எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கும், எந்தக் கிராமத்தில் கர்ப்பிணித் தாய் கிளினிக்குக்கு எத்தனை மணிநேரம் நடக்கிறாள், எந்தக் கிணறு உவர்ப்பு என்பதெல்லாம் 18 வருடமாகத் தெரிந்தவர் நீங்கள். எனக்கு அது தெரிந்துகொள்ளவே ஆறு மாதம் பிடிக்கும்.

ஆனால் அந்தச் சொத்திலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. இதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். உங்களுக்குத் திறக்கிற கதவுகள் உங்கள் சீருடைக்குத் திறக்கின்றன. "மிஸ்ஸி வாறா" என்று பாயைத் தட்டிப் போடுகிற தாய், பிள்ளையின் நிறை பார்க்க வருகிறவரைத்தான் உள்ளே விடுகிறாள். அவள் உங்களிடம் சொன்ன விஷயங்கள் புருஷனுக்கே தெரியாதவையாக இருக்கலாம். அதே வருகையில் கைப்பையிலிருந்து கமராவை எடுத்தால், அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள், சொல்ல முடியாது. நாளைக்கும் ஊசி போட உங்களிடம்தானே வர வேண்டும்? ஆகவே இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யவே கூடாது. முடிந்தால் உங்கள் பிரிவிலேயே எடுக்காதீர்கள். பக்கத்துப் பிரிவுக்கு, லீவு நாளில், சாதாரண உடுப்பில், பதிவேடு இல்லாமல் போங்கள். இன்ன ஆள், இன்ன காரணத்துக்காக வந்திருக்கிறேன், இது பேப்பரில் வரலாம், போனிலும் பரவலாம் என்று சொல்லுங்கள். எங்கள் சனம் மரியாதைக்காக "ஓம்" என்று சொல்லிவிடும். ஒரு கிழமை விட்டுத் திரும்பப் போய்க் கேளுங்கள். இரண்டாம் தரமும் ஓம் என்றால் எடுங்கள். உங்கள் தொழில் வழியாகத் தெரிந்த எவருடைய நோயையும், கருவையும், வீட்டுச் சண்டையையும் படமாக்கும் எண்ணமே வேண்டாம். பதினாறு வயதில் தாயான பிள்ளையின் முகத்தை இருட்டாக்கி எடுத்தாலும் அந்த ஒழுங்கையில் உள்ளவர்களுக்கு அது யார் என்று தெரியும், பின்னால் தொங்குகிற துணியை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.

லாங்கேயின் மிகப் புகழ்பெற்ற படம் 1936இல் கலிபோர்னியாவில் ஒரு கூலித் தாயைப் பிள்ளைகளோடு எடுத்தது. அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. உலகமெல்லாம் அந்த முகம் போனது. அந்தப் பெண் யார் என்பது 1978இல்தான் தெரியவந்தது. தனக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்ற மனக்கசப்போடு அவர் இருந்தார். படம் நாட்டின் மனச்சாட்சியைத் தொட்டது உண்மை, அந்தப் பெண்ணின் கசப்பும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் இளையவர்களுக்குச் சொல்வது வழக்கம்.

பார்க்கப் பழகுவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். முதல் வருடத்தில் உப்புவெளியில் கரைவலை இழுப்பதை எடுக்கப் போனேன். காலை 6 மணி, எங்கள் கடல் கிழக்குப் பார்த்தது, சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது, இழுப்பவர்கள் கறுப்பு உருவமாகத் தெரிகிறார்கள். கைநிறைய எடுத்தேன். பக்கத்தில் நின்ற வயதான சம்மாட்டி, வலையின் சொந்தக்காரர், "தம்பி, நீ சூரியனையே எடுக்கிறாய். அது நாளைக்கும் வரும். மடியைப் பார்" என்றார். மடி, அதாவது மீன் சேர்கிற வலைப் பை, கரைக்கு வந்தது. உள்ளே இரண்டு கூடை சூடை மீனும் மீதி சொறிமுட்டையும் (ஜெலிமீன்). யாரும் ஒன்றும் கதைக்கவில்லை. ஒருவர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். சம்மாட்டி தன் இடுப்பு மடிப்பிலிருந்து பொலித்தீனில் சுற்றிய ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து, இழுத்தவர்களுக்குத் தேத்தண்ணிக்குக் கொடுத்த காசை அவரவர் பெயருக்கு எதிரே கடனாக எழுதினார். ஈரக் கையால் எழுதியதில் பேனை பிடிக்கவில்லை, இரண்டாம் தரம் அழுத்தி எழுதினார். நான் எடுத்த அத்தனை சூரியப் படத்தையும் ஒதுக்கிவிட்டு ஆசிரியர் போட்டது அந்தக் கொப்பிப் படத்தைத்தான். மீன் எப்படிப் பங்கு பிரிகிறது, இல்லாத நாளில் கடன் எப்படி ஏறுகிறது என்பது தெரிந்தவனுக்குத்தான் அந்தக் கொப்பி கண்ணில் படும். தாய்மார் விஷயத்தில் அந்தக் கண் உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. கடலுக்கு என்னைப் போல நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டும்.

கமராவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாவித்த டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 35 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும் ஒரு வருடத்துக்குப் போதும். மிரர்லெஸ் என்ற புது வகைக் கமரா வந்ததால் பழைய டிஎஸ்எல்ஆர்களைப் பலர் விற்கிறார்கள், நல்லது கிடைக்கும். தூரத்திலிருந்து இழுக்கும் பெரிய லென்ஸ் இப்போது வேண்டாம். கிட்டப் போய், கதைத்து, எடுக்கப் பழகுங்கள். நமது உப்புக் காற்றும் மாரிகால ஈரமும் லென்சுக்குள் பூஞ்சணத்தைக் கொண்டுவரும். மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவையுங்கள். கமராவில் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். றோ கோப்பில் (கமரா பதிந்தபடியே இருக்கிற மூலக் கோப்பு) எடுங்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போன்ற போட்டிகளில் இறுதிக் கட்டத்துக்கு வருகிற படத்தின் மூலக் கோப்பைக் கேட்டுச் சோதிப்பார்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். இல்லாததைச் சேர்க்கவோ இருந்ததை அழிக்கவோ கூடாது. "இன்னொருக்கா அப்படி நடங்கோ" என்று சொல்லி எடுத்ததை நடந்ததாகக் காட்டவும் கூடாது. கல்யாணவீட்டுப் பழக்கத்தில் எனக்கு இதை விடுவதற்குத்தான் அதிக காலம் பிடித்தது. ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று அன்றிரவே எழுதி வையுங்கள். பெயரின் எழுத்தை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். நல்ல படமும் தவறான விளக்கவரியும் சேர்ந்தால் அது பொய்.

படிப்பைப் பொறுத்தவரை, கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்பிக்கிறார்கள். அது உயர்தரம் முடித்துவரும் பிள்ளைகளுக்கான முழுநேரப் பட்டப்படிப்பு. கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி 2004இலிருந்து இயங்குகிறது. சான்றிதழ் இல்லாமலும் படம் விற்கலாம், நானே சாட்சி. படிப்பால் கிடைக்கிற மிகப் பெரிய பயன், படத்தை ஈவிரக்கமில்லாமல் விமர்சிக்கிற நாலு பேர். அது உங்களுக்கு வேறு வழியில் கிடைத்தாலும் சரி. சிங்களம் தெரிந்தால் பாதி வீதித்தடை கடந்த மாதிரி. தெரியாவிட்டால் கமரா வாங்குகிற காசில் கொஞ்சத்தை அதற்குப் போடுங்கள்.

அப்புறம் இந்த ஊரில் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசினால் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. 2006 ஜனவரி 2 மாலை கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. சுடர் ஒளி பத்திரிகையின் பகுதிநேரச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் கிட்டவிருந்து சுடப்பட்டதைக் காட்டின. அந்தக் கதை அதோடு நிற்கவில்லை. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்து நின்ற சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். மாணவர் வழக்கில் கைதான 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் படங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. பகுதிநேரமாகச் செய்தவர் என்பதை மறுபடி சொல்கிறேன். வேலையை விடாமல் செய்பவர் அரைகுறை ஊடகவியலாளர் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய நிலை 2006 போல இல்லை. ஆனாலும் கவனம் வேண்டும். இது துறைமுக நகரம். கடற்படைத் தளம், சீனக்குடா விமானத் தளம், எண்ணெய்த் தாங்கிகள் என்று எடுக்கக்கூடாத இடங்கள் அதிகம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியே இராணுவம் இருக்கிற பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் போகிறது. காவலரணைப் பார்த்துக் கமராவைத் திருப்பாதீர்கள். அரசாங்கத் தகவல் திணைக்களம் தருகிற ஊடக அடையாள அட்டை கையில் இருந்தால் விசாரணை சுருக்கமாக முடியும். அரச வேலையில் இருக்கும்வரை அது உங்களுக்குக் கிடைப்பது கடினம், ஆகவே அமைதியான விஷயங்களிலிருந்து தொடங்குவது எல்லா வகையிலும் நல்லது. 2024இல் வந்த நிகழ்நிலைக் (ஒன்லைன்) காப்புச் சட்டத்தையும் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் புருஷனோடும் பிள்ளைகளோடும் இதை முன்கூட்டியே கதையுங்கள். பொலிஸிலிருந்து ஒரு அழைப்பு வந்தபிறகு கதைப்பது வேறு மாதிரி இருக்கும்.

இவ்வளவும் நான் கண்டு தெரிந்தவை. இனிச் சொல்வது என் ஊகம் மட்டுமே. செயற்கை நுண்ணறிவால் செய்த படங்கள் பெருகப் பெருக, ஒரு ஊரில் தெரிந்த முகமாக இருந்து, பெயரோடும் திகதியோடும் எடுத்த படத்துக்கு மதிப்புக் கூடும் என்று நம்புகிறேன். அந்த மதிப்பு காசாக மாறுமா என்பது வேறு. அச்சுப் பத்திரிகைகள் படத்துக்கு ஒதுக்குகிற இடம் என் கண் முன்னாலேயே சுருங்கிவிட்டது. 53 வயதில் நீங்கள் இதில் மட்டும் வாழ்வீர்கள் என்று நான் வாக்குக் கொடுத்தால் அது உங்களை ஏமாற்றுவதாகும். தூக்கம் கெடும் என்பதும் உண்டு. பிள்ளைகளின் பிரேதத்தை எடுத்துவிட்டு வந்த இரவுகளில் நான் ஸ்டூடியோவுக்குள்ளேயே படுத்திருக்கிறேன், வீட்டுக்குப் போக முடியாமல். பிரசவ அறையைக் கண்டவர் நீங்கள், இரத்தம் உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே உங்கள் கை உதவி செய்துகொண்டிருந்தது. இங்கே கமராவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வித்தியாசத்தைத் தாங்க முடியுமா என்பது எடுத்துப் பார்த்தபிறகுதான் தெரியும்.

ஆகவே இரண்டு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் தண்ணீரை எடுப்பேன்: உவர்க் கிணறும், தண்ணீர்ப் பவுசர் வருகிற நாளும், குடம் தூக்கி நடக்கிற நிறைமாதக்காரியும். அதில் யாருடைய இரகசியமும் இல்லை, கேட்டால் அவர்களே காட்டுவார்கள். மாதம் இரண்டு லீவு நாள், வேறு பிரிவில் ஒரே கிராமம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு படத்தைத் தேர்ந்து தபாலட்டை அளவில் பிரிண்ட் போடுங்கள். அவற்றை முதலில் படத்தில் இருக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். எது சரி, எது பிழை, எது தங்களை நோகடிக்கிறது என்று அவர்கள் சொல்வதைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பிறகு அதே பிரிண்ட்களை எனக்குக் காட்டுங்கள். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் வாசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.